ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்

ஸ்மோக்கி லேக், ஆல்பர்ட்டா
மே 11, 2004

ஓரெஸ்ட்,

நலமா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. நலமாகத்தான் இருப்பாய். நூறடிக் கோபுரத்தில் உட்கார்ந்துகொண்டு காட்டில் எங்கே புகை எழும்புகிறது என்று பார்க்கிறவனுக்கு என்ன கேடு வந்துவிடும். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கிளம்பிப் போன பிறகு அதன் வயிற்றைத் திறந்து புதுச் சாமான் இரண்டு வைத்தேன். ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க், கூடுதலாக ஒரு ரேம். எட்மன்டனில் வாங்கியது. கூட வந்த தாளைப் படித்து நானே மாட்டினேன், விண்டோஸைப் புது டிஸ்க்குக்கு மாற்றியதும் நானே. சிரிக்காதே. பழைய டிஸ்க்கும் உள்ளேதான் இருக்கிறது, அதே கேபிளில் இரண்டாவது முனையில். அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்காதே.

சாமான் புதுசு, நடை மட்டும் ஆமை நடை. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காப்பி போட்டு, குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் திரை கண் விழிக்கிறது. ஒரு வரி தட்டினால் அது திரையில் வருவதற்குள் எனக்கு அடுத்த வரி மறந்துபோகிறது. முன்பு இவ்வளவு மோசமில்லை. உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வேறு.

இது விளையாட்டில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை குரலோடு போய்விட்டது. இப்போது டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கிளினிக்குக்கு அனுப்புகிறேன். எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான். ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகிவிட்டது. ஜூலை கடைசிவரை பொறுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வனத்துறை அலுவலகத்துக்குப் போய் உன்னை ரேடியோவில் கூப்பிடலாமே என்று ஊரில் சொல்கிறார்கள். கூப்பிட்டால் முப்பது கோபுரமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். அதோடு இந்தக் குரல் ரேடியோவில் ஏறாது. ஆகையால் உன் மளிகையோடு ஹெலிகாப்டரில் இந்தக் கடிதமும் வருகிறது.

அந்தப் பெட்டியைக் கட்டியவன் நீ. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

மார்லிஸ்


டீர் ரிட்ஜ் கோபுரம்
மே 23

மார்லிஸ்,

வேறொன்றும் எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி. ரேமைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிடு. பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொடு. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு செய்யாதே, உடம்பில் இருக்கிற மின்சாரம் அதைக் கொன்றுவிடும். புது ரேமை எடுத்துவிட்டு மறுபடி வை. இரண்டு ஓரத்துக் கொக்கிகளும் டக்கென்று தாமாக மூடிக்கொள்ள வேண்டும். உனக்குப் பலம் போதாது என்று சொல்லவில்லை, உடைந்துவிடுமோ என்று பயந்து மெல்ல அழுத்தியிருப்பாய். பைரோஹி கொழுக்கட்டைக்கு ஓரம் அழுத்துவாயே, அந்த அழுத்து அழுத்து.

செய்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது. ஒரு நேரத்தில் ஒரு காரியம்தான் செய்ய வேண்டும். நாலைந்தைச் சேர்த்துச் செய்தால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். அதுதான் முறை.

ரேமைப் பற்றி முடிந்தது. தாளில் இடம் மிச்சம் இருக்கிறது, வீணாக்க மனமில்லை. ஏரியில் பனிக்கட்டி போன வாரம்தான் உடைந்தது. குட்டியோடு ஒரு கரடி கழிப்பறைக் கதவை உரசிவிட்டுப் போகிறது, அதனால் நான் நேரம் பார்த்துத்தான் போக வேண்டியிருக்கிறது. உன் கடிதத்தை டெல்மர் உருளைக்கிழங்கு மூட்டைமேல் வைத்துக் கொண்டுவந்தான். "என்னய்யா, பொண்டாட்டி கையெழுத்தா? மூஞ்சி இப்படி மலருது!" என்று கத்தினான். ஹெலிகாப்டர் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு.

ஆனால் மலர்ந்தது உண்மைதான். ஆறு வருஷமாக இந்த வேலைக்கு வருகிறேன், வாசலில் நின்று வழியனுப்பாமல் நீ விட்டது இந்த வருஷம்தான். உன் 'y' எழுத்தின் வால் இன்னும் அடுத்த வரிவரை இழுத்துக்கொண்டு போகிறது. அதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

ஓரெஸ்ட்


ஸ்மோக்கி லேக்
ஜூன் 6

ஓரெஸ்ட்,

ரேமை எடுத்து வைத்தேன். டக் என்றது. காப்பி குடிக்கிற நேரத்தில் கோப்பை கழுவுகிற நேரம் மட்டும் மிச்சமானது. மற்றபடி அதே ஆமைதான்.

உன் தாளில் இடம் இருந்தது என்றால் என் தாளிலும் இருக்கிறது. கையெழுத்தைப் பற்றி எழுதுகிறாய். கையெழுத்தைப் பார்த்து மலர்கிற மனிதன், எதிரே ஆள் நின்று பேசினால் ஏன் மலரவில்லை?

நமக்குள் என்ன நடந்தது என்று நீ ஒரு வரி எழுதவில்லை. நான் எழுதுகிறேன். அஞ்சு வருஷம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முன்னாலும் என்னைச் சமையலறையில் நிற்க வைத்து மைக்கில் பாடச் சொல்லிப் பதிந்து வைத்தாய். முப்பத்தொரு பாட்டு. போன டிசம்பரில் தைராய்டு அறுவை சிகிச்சை ஆனது, ஒரு நரம்பு போனது, குரல் வெறும் காற்றாகிவிட்டது. இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் உன்மேல். சமையலறையில் உயிரோடு நின்று நான் பேசினால் பதில் வராது. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கும். நீயோ சாப்பிட்ட கையோடு பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போய்விடுவாய். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னாலேயே வந்து பார்த்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாய். திரையில் என் பெயர். முன்னால் இருந்த மார்லிஸோடு குடித்தனம் நடக்கிறது!

படிக்கட்டில் நின்று, "அவளையே கட்டிக்கிட்டு இரு, நான் எதுக்கு ஒனக்கு?" என்றேன். நீ ஹெட்போனைக் கழற்றி வைத்தாய். வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோபுரம் ஏறிவிட்டாய்.

பழைய டிஸ்க்கை ஏன் எடுக்கவில்லை என்று இப்போது தெரிகிறதா? அந்தப் பாட்டெல்லாம் அதில்தான் இருக்கிறது. திறந்து கேட்க எனக்குத் தெம்பில்லை. தூக்கி எறியவும் தெம்பில்லை.

அடுத்து என்ன செய்ய வேண்டும்? டிக் டிக் அதிகமாகியிருக்கிறது.

மார்லிஸ்


டீர் ரிட்ஜ் கோபுரம்
ஜூன் 19

மார்லிஸ்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து நான்கு தாளைக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதிலும் அதை எழுத வரவில்லை. கம்ப்யூட்டர் என்றால் எழுத வருகிறது.

பக்கத்து மூடியைக் கழற்றிப் பார். பேஸ்மென்ட்டில் அது இருந்த மூலையில் தூசு அதிகம். விசிறியிலும் அதன் கீழே இருக்கிற அலுமினியத் தகடுகளிலும் தூசு அடைத்திருந்தால் சூடேறும், சூடேறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய பெயின்ட் பிரஷ் கொண்டு மெல்லத் தட்டு. வாக்குவம் கிளீனர் வேண்டாம். அதோடு, விண்டோஸ் தொடங்கும்போதே எழுந்து உட்கார்ந்துகொள்கிற வேண்டாத புரோகிராம்கள் இருக்கும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் எத்தனை சின்னப் படங்கள் இருக்கின்றன என்று எண்ணி எழுது. எதை நிறுத்தலாம் என்று சொல்கிறேன்.

டிக் சத்தத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் இதை முடிப்போம்.

நேற்று தென்மேற்கில் ஒரு புகை பார்த்தேன். ரேடியோவில் சொல்லி இருபது நிமிடத்தில் டெல்மர் ஆட்களோடு வந்துவிட்டான். அணைந்தது. சாதாரணமாக அன்றைக்கு மனம் நிறைந்திருக்கும். நேற்று அப்படி இல்லை. கீழே இறங்கி வந்து தகர டப்பா பீன்ஸைச் சூடு பண்ணும்போது, இதை வீட்டில் சொன்னால் நீ என்ன சொல்லுவாய் என்று யோசித்தேன். "ஆமா, பெரிய சாதனைதான், மொதல்ல சட்டைய மாத்து" என்பாய். மனம் உன்னைத் தேடுகிறது மார்லிஸ். எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன்.

படங்களை எண்ணி எழுத மறக்காதே.

ஓரெஸ்ட்


ஸ்மோக்கி லேக்
ஜூலை 4

ஓரெஸ்ட்,

சின்னப் படங்கள் ஒன்பது. அதை எண்ணச் சொன்னவனுக்கு ஒரு கும்பிடு.

தூசும் தட்டினேன். இரண்டு பூனை செய்கிற அளவுக்கு வந்தது. ஒரு மாற்றமும் இல்லை. நேற்று ஒரு பக்கக் குறிப்பு அடிக்க ஐம்பது நிமிடம். கிளினிக்கிலிருந்து வந்த கடிதத்தில் இருப்பது இது: மாதக் கடைசிக்குள் நிலைமை சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம்.

லைப்ரரிக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற பெர்னிஸைத் தெரியுமல்லவா, சர்ச்சில் எனக்குப் பின்வரிசையில் பாடுவாள். என் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஒன் வீட்டுக்காரன் என்ன சொன்னான்?" என்றாள்.

"தூசு தட்டச் சொன்னார்."

"தூசா? அடப்பாவி! டிக் டிக்குனா டிஸ்க் சாகக் கெடக்குன்னு அர்த்தம். எங்களுக்குப் போன வருஷம் ரெண்டு போச்சு. சத்தம் கேட்ட அன்னிக்கே கழட்டி வச்சிருக்கணும். கம்ப்யூட்டரே கட்டுறவன், இது தெரியாதா அவனுக்கு?"

இது தெரியாதா உனக்கு?

மே பதினொன்றாம் தேதிக் கடிதத்தில் டிக் என்று எழுதினேன். ஜூன் ஆறில் எழுதினேன். நீ ரேம் என்றாய், தூசு என்றாய், படத்தை எண்ணு என்றாய். தெரியாமல் செய்தாயானால் நீ முட்டாள். தெரிந்து செய்தாயானால் என்ன சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. எதுவென்று எழுது. ஒரே ஒரு வரி போதும்.

மார்லிஸ்


டீர் ரிட்ஜ் கோபுரம்
ஜூலை 13

மார்லிஸ்,

தெரிந்துதான் செய்தேன்.

முதல் கடிதத்தைப் படித்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்கையும் மாட்டியிருக்கிறாய். அந்த மாதிரி கேபிளில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். பழையது செத்துக்கொண்டிருக்கிறது. அதனிடம் எதையாவது கேட்டால் பதில் சொல்ல முடியாமல் திணறுகிறது, அது திணறி முடிக்கிறவரை புதியது வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறது. நீ வாங்கிய சாமானில் ஒரு குறையும் இல்லை. நீ மாட்டியதிலும் ஒரு குறையும் இல்லை. பழையதைக் கழற்றினால் ஒரு நிமிடத்தில் விழித்துக்கொள்ளும்.

இதை மே மாதமே எழுதியிருந்தால் நீ கழற்றியிருப்பாய், சரியாகியிருக்கும், எனக்கு இரண்டாவது கடிதம் வந்திருக்காது. அதனால்தான் ஒரு தடவைக்கு ஒரு காரியம் என்று முறை பேசினேன். உன் வேலை போகிற அளவுக்கு வரும் என்று நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். நினைத்தேன். அடுத்த கடிதத்தில் சொல்லிவிடலாம் என்று தள்ளினேன். ஹெலிகாப்டர் சத்தத்துக்காக நாள் முழுக்கக் காத்துக் கிடக்கிறவன் இப்படித்தான் ஈனத்தனமாக ஆகிவிடுகிறான். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

இப்போது செய்ய வேண்டியது. கம்ப்யூட்டரை அணைத்துவிடு. பழைய டிஸ்க்கின் இரண்டு கம்பிகளையும் பிடுங்கிவிட்டு உன் வேலையைப் பார், வேகம் வந்துவிடும். பாட்டை எடுக்க வேண்டும் என்று தோன்றுகிற அன்று மறுபடி மாட்டி ஒரே ஒரு முறை இயக்கு. அதுதான் கடைசி முறையாக இருக்கும் என்று வைத்துக்கொள். இருபது நிமிடம் தாங்கினால் அதிர்ஷ்டம். எதையும் திறந்து கேட்காதே, பார்க்காதே. 'மார்லிஸ் பாட்டு' என்று இருக்கிற ஃபோல்டரை நேராகப் புது டிஸ்க்குக்கு நகலெடு. பாட்டு முதலில். மற்றதெல்லாம் போனால் போகட்டும்.

நான் அன்று கெடுத்ததை இருபது நிமிடத்தில் சரி செய்துவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஓரெஸ்ட்


ஸ்மோக்கி லேக்
ஆகஸ்ட் 1

ஓரெஸ்ட்,

பழையதைக் கழற்றினேன். ஐம்பத்திரண்டு வினாடி. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் எல்லா பாக்கியையும் முடித்து அனுப்பிவிட்டேன், கிளினிக் என்னை வைத்துக்கொண்டது. அதற்கு நன்றி உனக்கில்லை, பெர்னிஸுக்கு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே தோட்டத்தில் களை பிடுங்கினேன். பூசணிக்கொடிக்கு நல்லதாயிற்று. மூன்றாம் நாள் கோபத்துக்குள்ளே வேறு ஒன்று எட்டிப் பார்த்தது. என் கடிதத்துக்காக ஒரு ஆள் பொய் சொல்லியிருக்கிறான். பாட்டுக்காகச் சொன்னால் புரியும். குரலே இல்லாத காகிதத்துக்காக ஏன்?

நேற்று பழைய டிஸ்க்கை மாட்டி இயக்கினேன். நீ சொன்னபடி நேராகத்தான் போனேன். பக்கத்தில் இன்னொரு ஃபோல்டர் இருந்தது. 'மார்லிஸ் பயிற்சி'. நீ எல்லாவற்றையும் தேதி போட்டு அடுக்கி வைக்கிற ஆள், கடைசியாக எப்போது திறந்தது என்கிற தேதியும் திரையில் காட்டுகிற மாதிரி வைத்திருக்கிறாய். பாட்டு முப்பத்தொன்றும் கடைசியாகத் திறந்தது போன நவம்பர். அறுவை சிகிச்சைக்கு முன்னால். அதற்குப் பிறகு நீ ஒன்றையும் தொடவே இல்லை.

பயிற்சி ஃபோல்டரில் பதினோரு பதிவு. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்மணி வாரம் ஒரு பக்கம் வாசித்துப் பதிந்துகொண்டு வரச் சொன்னாள் அல்லவா, ஜனவரியிலிருந்து. பதினோராவது வாரத்தோடு நான் வெறுத்துப்போய் நிறுத்திவிட்டேனே, அது. பதினொன்றிலும் கடைசித் தேதி மார்ச் 28. நான் படிக்கட்டில் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை!

எதையும் திறக்காதே என்று நீ எழுதியிருந்தாய். திறந்தேன். ஹெட்போனில் என் காற்றுக் குரல் பூசணி விதைப் பட்டியல் வாசிக்கிறது. ஒலியை யாரோ பல மடங்கு கூட்டி வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்குவது, எச்சில் விழுங்குவது எல்லாம் கேட்கிறது. ஒன்றைக் கேட்டேன். பிறகு இன்னொன்று. அப்புறம்தான் பாட்டு ஞாபகம் வந்து நகலெடுக்கப் போட்டேன். 'மீதி நான்கு நிமிடம்' என்று இரண்டு மணி நேரம் காட்டியது. டிக் நின்றுவிட்டது. மறுபடி இயக்கிப் பார்த்தேன், கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு டிஸ்க் இருப்பதே தெரியவில்லை.

ஒரு பாட்டும் மிஞ்சவில்லை ஓரெஸ்ட். அந்தக் குரல் இனி உலகத்தில் எங்கேயும் இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன், சத்தம் வராமல் அழுவது எவ்வளவு கொடுமை தெரியுமா உனக்கு.

அந்த இருபது நிமிடத்தை எதற்குக் கொடுத்தேனோ அதற்குப் பதில் வேண்டும் எனக்கு. பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து இந்தக் குரலை எதற்குக் கேட்டாய்? மேலே வந்தால் இதே குரல் உனக்காகப் பேசிக்கொண்டு நின்றதே.

மார்லிஸ்


டீர் ரிட்ஜ் கோபுரம்
ஆகஸ்ட் 16

மார்லிஸ்,

எனக்குக் காது கேட்பதில்லை.

எழுதிவிட்டேன். பதினாறு வருஷம் மர ஆலையில் இழைப்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதற்குக் கூலி இது. இடது காது போய் நாலு வருஷமாகிறது. வலது காது பாதி. உன் பழைய குரல் கணீரென்று இருந்ததால் வீட்டில் சமாளித்தேன். ஊரில் மற்றவர்களிடம் தலையாட்டிச் சமாளித்தேன். என்ன சொன்னார்கள் என்று தெரியாவிட்டால் சிரித்து ஆமாம் என்று ஆட்டிவிடுவது, பெரும்பாலும் வம்பு வராது. ரேடியோவில் கஷ்டமில்லை, திருகைத் திருப்பினால் ஒலி கூடும். டெல்மரோடும் கஷ்டமில்லை, அவன் பிறந்ததிலிருந்தே கத்துகிறவன்.

டிசம்பருக்குப் பிறகு நீ பேசினால் உதடு அசைவது தெரியும், காற்று தெரியும், சொல் வராது. எனக்குக் கேட்கவில்லை என்று அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ பேசுவதையே நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். எங்கள் அப்பாவுக்குக் காது போனபோது வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். முதலில் எல்லாரும் கத்தினார்கள், பிறகு அலுத்துப்போய் அவரையும் ஒரு நாற்காலி மாதிரி மூலையில் விட்டுவிட்டார்கள். அதோடு, குரலையே பறிகொடுத்தவள் முன்னால் நின்று என் காதைப் பற்றிப் புலம்ப வெட்கமாக இருந்தது.

அதனால் பாடம் படிக்கப் போனேன். பயிற்சிப் பதிவுகளை ஒலி கூட்டி ஹெட்போனில் கேட்பேன். நீ எந்தப் பக்கத்தை வாசித்தாயோ அந்த விதைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் காற்று எந்தச் சொல் என்று பழகினேன். மார்ச் முடிவதற்குள் பத்துச் சொல்லில் ஆறு பிடிபட்டது. இன்னும் ஒரு மாதம் போனால் மேலே வந்து உன்னோடு ஒழுங்காகப் பேசலாம் என்று இருந்தேன்.

படிக்கட்டில் அன்று நீ என்ன சொன்னாய் என்பதே எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்காமல் பயிற்சியைப் போட்டுக் கேட்டதற்குக் கோபப்படுகிறாய் என்று நினைத்தேன். "அவளையே கட்டிக்கிட்டு இரு" என்று நீ சொன்னதை ஜூன் மாதக் கடிதத்தில்தான் படித்தேன். அப்போதுதான் நான்கு தாளைக் கிழித்தேன்.

காகிதத்துக்காக ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டிருந்தாய். இதில்தான் நீ சொல்வது முழுக்க எனக்கு வந்து சேர்கிறது. ஒரு சொல்கூடத் தவறுவதில்லை. பல மாதத்துக்குப் பிறகு என் மனைவி பேசுவதைக் கேட்டேன். விட மனம் வரவில்லை.

பாட்டு போனதற்கு நான்தான் காரணம். மே மாதம் சொல்லியிருந்தால் எல்லாமே மிஞ்சியிருக்கும். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓரெஸ்ட்


ஸ்மோக்கி லேக்
செப்டம்பர் 2

ஓரெஸ்ட்,

மடையா.

ஒரு வாரமாக இந்தத் தாளில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. அப்படியே அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பாட்டு போனதை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது தனிக் கணக்கு, பல வருஷம் ஓடும். சர்ச்சில் மற்றவர்கள் பாடும்போதெல்லாம் உன்மேல் எனக்குக் கோபம் வரும், நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதுவரை நான் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் பேச்சை நிறுத்திவிடுவேன் என்று பயந்தாயே, நான் பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டேன். அது உனக்குத் தெரியவே இல்லை. ஒரு நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், நீ துடைத்துக்கொண்டிருந்தாய். இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டிக் கேட்டேன்: "இந்தக் கொரல கேக்க ஒனக்குக் கஷ்டமா இருக்கா?"

நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். ஆமாம் என்று தலையாட்டினாய். தட்டை அலமாரியில் வைத்தாய்.

அதற்கப்புறம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. சாப்பாடு ஆயிற்று, பனி கொட்டுகிறது, குப்பையை வெளியே வை, அவ்வளவுதான். ஏழு மாதமாக அந்தத் தலையாட்டலோடு படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன். நீயானால் மர ஆலை, திருகு, விதைப் பட்டியல் என்று இப்போது எழுதுகிறாய்.

அந்தக் கேள்வியை மறுபடி எழுத்தில் கேட்கிறேன். இந்தக் குரலைக் கேட்க உனக்குக் கஷ்டமாக இருக்கிறதா? தலையாட்டாமல், சிரிக்காமல், எனக்கு இரக்கம் காட்டாமல் பதில் எழுது. இரக்கத்துக்கு எழுதினால் உன் கையெழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். பதிலைப் பார்த்துவிட்டுத்தான், இந்த வருஷ வேலை முடிந்து நீ இறங்குகிற பதினாறாம் தேதி வண்டியை எடுத்துக்கொண்டு உன்னைக் கூட்டிவர வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

மார்லிஸ்


டீர் ரிட்ஜ் கோபுரம்
செப்டம்பர் 10

மார்லிஸ்,

டெல்மர் இன்ஜினை அணைக்காமல் நிற்கிறான். உன் கடிதத்தை அவன் முன்னாலேயே பிரித்துப் படித்தேன், பதிலை இப்போதே கொடுத்தனுப்பாவிட்டால் பதினாறுக்கு முன் உன் கைக்கு வராது. "யோவ், சீக்கிரம்யா, எண்ணெய் எரியுது!" என்று கத்துகிறான். எரியட்டும்.

அன்று உன் கேள்வி என் காதில் விழவில்லை. என்னவென்று தெரியாமலேதான் ஆமாம் என்று ஆட்டினேன். இன்று தெரிந்துகொண்டு எழுதுகிறேன், இதற்கும் பதில் ஆமாம்தான். கஷ்டமாக இருக்கிறது. நீ அடுப்பருகே நின்று நான் மேசையருகே இருந்தால் உன் குரல் என்னிடம் வருவதே இல்லை. பாதி வழியில் நின்றுவிடுகிறது. அதுதான் கஷ்டம், அது ஒன்றுதான்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது என் கழுத்துப்பட்டியை முடிந்துவிட்டுக்கொண்டே என்னைத் திட்டினாய். சட்டை சுருக்கம், ஷூவில் சேறு, முடி வெட்டி எத்தனை நாளாயிற்று என்று. ஒரு சொல்கூட விடாமல் கேட்டது. அந்தக் குரல் கரகரவென்று, எனக்கு மட்டும் சொல்கிற மாதிரி இருந்தது. நீ முடிந்து முடித்த பிறகும் நான் நகராமல் நின்றேன், நீ "என்ன?" என்றாய், நான் ஒன்றுமில்லை என்றேன்.

ஓர் அடி தூரத்தில் இருந்தால் எனக்கு எல்லாம் கேட்கிறது மார்லிஸ். இனிமேல் அங்கேயே இருந்துகொள்ளட்டுமா?

ஓரெஸ்ட்